ஐந்தாவது பிளக்

சிறுவாணித் தண்ணீரில் மீன் வளர்ப்பது ரொம்பச் சுலபம். தண்ணீரைப் பிடித்து இரண்டு நாள் வைத்திருந்துவிட்டு மீனை விட்டால் போதும், அது பாட்டுக்குப் பிழைத்துக்கொள்ளும். எங்கள் தெருவிலேயே நாலைந்து வீடுகளில் அப்படித் தொட்டி இருக்கிறது. என் வீட்டில் இருந்தது அந்த மாதிரி இல்லை. நான் வைத்திருந்தது கடல்.

இன்ஸ்பெக்டர் அய்யா, வெள்ளைத்தாள் கொடுத்து, நடந்ததை நடந்தபடி எழுதச் சொன்னீர்கள். என் பெயர் திருமூர்த்தி. வயது நாற்பத்தெட்டு. கணபதியில் பம்ப்செட் மோட்டார்களுக்குக் காயில் கட்டிக் கொடுக்கும் பட்டறை வைத்திருக்கிறேன். மின்சாரம்தான் எனக்குத் தொழில். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். பின்னால் எங்காவது, தெரியாமல் செய்துவிட்டேன் என்று எழுதினால் அதை நீங்கள் நம்ப வேண்டாம்.

எலக்ட்ரீசியன் முஜீப்புக்கு இதில் பங்கு கிடையாது. பதினோரு நாளாக அவரை உள்ளே வைத்திருக்கிறீர்கள். என் வீட்டு வேலைக்காரி ராசாத்தாள் மின்சாரம் தாக்கி இறந்ததற்கு அவர் செய்த ஒயரிங் காரணம் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் செய்த ஒயரிங் ஒழுங்காக இருந்தது. அதைக் கெடுத்தவன் நான்.

தொட்டி ஆறடி நீளம், இரண்டடி உயரம். இரும்பு ஆங்கிளில் நானே வெல்டிங் வைத்துச் செய்த ஸ்டாண்டின் மேல் ஹாலில் இருந்தது. மண்டபம் கடற்கரையில் சங்கு குளிக்கும் ஒருவர் பவளப் பாறைத் துண்டுகளை ஈரச் சாக்கில் சுற்றி பஸ்ஸில் ஏற்றிவிடுவார். உக்கடத்துக்கு மீன் கொண்டுவரும் சாவக்காட்டு வண்டிக்காரர் நீலக் கேன்களில் கடல் தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பார். நாலு வருடம் இப்படிச் சேர்த்தேன். பவளம் என்றால் கல் என்று நினைப்பீர்கள். அது உயிர். விளக்கைப் போட்டதும் விரல் விரலாக வெளியே வரும். கையின் நிழல் பட்டால் உள்ளே போய்விடும். ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டை போட்ட மீன் ஒரு ஜோடி இருந்தது. நான் சட்டை மாற்றினால்கூட அவற்றுக்கு அடையாளம் தெரியும்.

அதற்கு இரண்டு விஷயம் வேண்டும். தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், சூடு இருபத்தெட்டு டிகிரியைத் தாண்டக் கூடாது. தண்ணீரை ஓட்ட மூன்று மோட்டார். மூன்றும் என் கையால் கட்டியவை. குளிர வைக்க, பழைய வாட்டர் கூலரின் கம்ப்ரசரை எடுத்துப் பின்கட்டில் வைத்து, ஸ்டீல் குழாய் இழுத்திருந்தேன். கடையில் கிடைக்கிற சாமான் எதுவும் அதில் கிடையாது.

பட்டறையில் இருந்தாலும் என் காது வீட்டில்தான் இருக்கும். மணிக்கொரு தரம் போன் செய்வேன். என் மனைவி சாந்தாமணி எடுப்பாள்.

"மோட்டார் ஓடுதா?"

"ஓடுதுங்க. நீங்களே கேட்டுக்கங்க" என்று ரிசீவரைத் தொட்டி பக்கம் நீட்டிப் பிடிப்பாள். அந்தச் சத்தம் காதில் விழுந்தால்தான் அடுத்த ஒரு மணி நேரம் என்னால் ஒரு வேலையைச் செய்ய முடியும். கோபமே இல்லாமல் தினமும் ஏழெட்டுத் தடவை அப்படிப் பிடித்திருக்கிறாள். நல்ல மனுஷி. இதில் அவளுக்கும் எதுவும் தெரியாது.

வீட்டு ஒயரிங்கைச் செய்தவர் கோட்டைமேட்டு முஜீப். தொட்டிக்கென்று தனியாக ஒரு ட்ரிப் ஸ்விட்ச் மாட்டினார். எங்காவது கொஞ்சம் கரண்ட் கசிந்தாலும் அது விழுந்து எல்லாவற்றையும் நிறுத்திவிடும். எனக்கு அது பிடிக்கவில்லை என்றேன். "உப்புத் தண்ணியும் கரண்டும் ஒரே எடத்துல இருக்குது சார். இது வேண்டாம்னா வேற ஆளைப் பாத்துக்குங்க" என்றார். சரி என்று விட்டுவிட்டேன்.

இந்த வருடம் ஏப்ரலில் அந்த ட்ரிப் விழ ஆரம்பித்தது. முதல் தடவை காலை பத்து மணிக்கு விழுந்திருக்கிறது. சாந்தாமணி ரேஷன் கடையில் இருந்தாள். போனை யாரும் எடுக்காததால் வேலையைப் போட்டுவிட்டு வந்தேன். ஹாலில் சத்தமே இல்லை. மூன்று வருடம் வளர்ந்த ஒரு பவளம் நுனியிலிருந்து வெளுத்துக்கொண்டு வந்தது. அடுத்த பத்து நாளில் நாலு தடவை விழுந்தது. அந்தப் பத்து நாளும் நான் ஒரு வேளைச் சோறு முழுதாகச் சாப்பிடவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றும். எழுந்தால் தொட்டிக்குப் போவேன். போய்ப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தால் மறுபடி எழுந்திருக்கத் தோன்றும்.

முஜீப்பைக் கூப்பிட்டேன். மீட்டர் வைத்துப் பார்த்தார்.

"ட்ரிப்பு மேல தப்பில்லீங்க சார். உங்க மோட்டார் ஒண்ணு லீக்கு. எதுன்னு பாத்து மாத்திருங்க."

"என் மோட்டார் லீக் ஆகாது முஜீப்."

"உப்புக்கு உங்க மோட்டாரு, எங்க மோட்டாருன்னு தெரியாதுங்களே" என்று சிரித்தார்.

அவர் போன பிறகு தண்ணீருக்குள் டெஸ்டரை விட்டுப் பார்த்தேன். விளக்கு எரிந்தது. முஜீப் சொன்னது சரிதான். ஒரு மோட்டாரில், காயிலுக்குள் தண்ணீர் புகாமல் ஊற்றியிருந்த பூச்சு விரிசல் விட்டிருக்க வேண்டும். அதைக் கழற்றி, காயிலை மறுபடி கட்டி, பூச்சுக் காய்ந்து, மாட்ட எட்டு நாள் ஆகும். அந்த எட்டு நாளும் இரண்டு மோட்டாரை வைத்து ஓட்டினால், ஏற்கெனவே வெளுத்த பவளம் தேறாது. கோடை முடியட்டும், மழை பிடித்துக் கொஞ்சம் குளிர்ந்ததும் கழற்றலாம் என்று முடிவு செய்தேன். அதுவரை ட்ரிப் விழாமல் இருக்க வேண்டும். ட்ரிப்புக்குள் வரும் ஒயரையும் வெளியே போகும் ஒயரையும் ஒரு துண்டு ஒயரால் நேராக இணைத்து, மூடியைத் திருகினேன். ஐந்து நிமிட வேலை. வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. நீங்கள் கண்டுபிடித்த துண்டு ஒயர் அதுதான்.

ஒரு வாரம் கழித்து முஜீப் வண்டியை வாசலில் நிறுத்தி, "இப்ப விழுறதில்லீங்களா சார்?" என்றார். "மோட்டாரை மாத்திட்டேன்" என்றேன்.

நான் கவனமாக இருந்தேன். காய்ந்த பலகையின் மேல் நின்று, ரப்பர் கையுறை போட்டுக்கொண்டுதான் தண்ணீரில் கைவைத்தேன். சாந்தாமணி தொட்டியைத் தொடவே மாட்டாள். மீன் என்றால் அவளுக்கு அருவருப்பு. ஆகவே வீட்டில் ஆபத்து யாருக்கும் இல்லை என்று கணக்குப் போட்டேன். அந்தக் கணக்கில் ராசாத்தாளைச் சேர்க்கவில்லை. மறந்துவிட்டேன் என்று சொல்ல முடியாது. ஏனென்றால் அவளே வந்து சொன்னாள்.

ஒன்பது வருடமாக எங்கள் வீட்டில் வேலை செய்தவள். தொட்டியிலிருந்து தெறிக்கும் தண்ணீர் ஸ்டாண்டில் உப்பாகப் பூக்கும். அதை ஈரத்துணியால் துடைப்பது அவள் வேலை. மே மாதம் முதல் வாரத்தில் ஒரு நாள், நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றாள்.

"ஏனுங்ணா, அந்தப் பொட்டியத் தொடைக்கையில கை சுருக்குங்குதுங்க."

அவள் கையைப் பார்த்தேன். சோப்பிலும் தண்ணீரிலும் ஊறி ஊறி விரலெல்லாம் வெடிப்பு.

"உப்புத் தண்ணி ராசாத்தா. வெடிப்புல பட்டா அப்படித்தான் எரியும். தேங்காயெண்ணெய் தடவிக்க."

"உப்புதானுங்களா. நானு என்னமோன்னு பயந்துபோட்டேன்" என்று போய்விட்டாள். மறுநாள் எண்ணெய் தடவிக்கொண்டு வந்து துடைத்தாள். மூன்றாம் நாள் நான் கேட்டேன். "இப்பத் தேவலைங்ணா" என்றாள். இனிமேல் காய்ந்த துணியால் துடை என்றும் அவளிடம் சொன்னேன். சொன்னதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். காரணம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவள் சாந்தாமணியிடம் சொல்வாள். சாந்தாமணி அன்றைக்கே எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லியிருப்பாள்.

மே இருபத்தெட்டு, புதன்கிழமை. சாந்தாமணி ஒரு வளைகாப்புக்கு ஈரோடு போயிருந்தாள். காலை ஏழு மணிக்குக் கம்ப்ரசர் நின்றுவிட்டது. தட்டி, துடைத்து, விசிறி வைத்து, மூன்று தடவை முயன்று, ஒன்பதரைக்குத்தான் ஓட வைக்க முடிந்தது. அதற்குள் தண்ணீர் இருபத்தொன்பதரைக்கு ஏறியிருந்தது. இன்னொரு தடவை நின்றால் மறுபடி ஓடாது என்று எனக்குத் தெரிந்தது. பட்டறைக்குப் போகாமல் பின்கட்டில் அதன் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன்.

பதினொன்றரை இருக்கும். ஹாலிலிருந்து ராசாத்தாள் கூப்பிட்டாள்.

"ஏனுங்ணா, மீனு ஒண்ணு மோட்டார் வலையில ஒட்டிக்கிச்சுங்க. துடிக்குதுங்க."

அன்று உங்களிடம் சொன்னபோது, அவளாகத்தான் தண்ணீருக்குள் கையை விட்டாள் என்றேன். அது உண்மையில்லை. என் கை கம்ப்ரசர் மேல் இருந்தது. அதன் சத்தம் கொஞ்சம் மாறியது போல் இருந்ததால் எடுக்க மனம் வரவில்லை. "எந்த மீனு?" என்று கேட்டேன்.

"பட்ட போட்டதுங்க."

"மெல்ல எடுத்து உட்ரு ராசாத்தா. வாலைப் புடிச்சு இழுத்துராத" என்றேன்.

அதைச் சொன்ன பிறகு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை. பத்து விநாடி இருக்கலாம். தண்ணீரில் கரண்ட் இருப்பது நினைவுக்கு வந்து எழுந்தேனா, வாளி விழுந்த சத்தம் கேட்டு எழுந்தேனா என்று இந்தப் பதினோரு நாளும் யோசித்துப் பார்த்தேன். வாளிச் சத்தம்தான்.

வந்து பார்த்தபோது அவள் நின்றுகொண்டிருந்தாள். வலது கை முழங்கை வரை தண்ணீரில். இடது கை இரும்பு ஸ்டாண்டைப் பிடித்தபடி இறுகியிருந்தது. கால்களைச் சுற்றி, கவிழ்ந்த வாளித் தண்ணீர். வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. கண் என்னைப் பார்த்தது.

மெயின் ஸ்விட்ச் எனக்கு இடது பக்கம், நாலு எட்டில் இருந்தது. அதை இறக்கினால் கம்ப்ரசரும் நின்றுவிடும்.

நான் வலது பக்கம் போனேன். அங்கே சுவரில் பலகையில் ஏழு பிளக் இருந்தன. தண்ணீர் மோட்டார் மூன்று, காற்று மோட்டார் இரண்டு, விளக்கு இரண்டு. எல்லாம் ஒரே மாதிரிக் கறுப்பு பிளக். எது எதற்கென்று நான் எழுதி ஒட்டவில்லை. கெட்ட மோட்டாரை மட்டும் பிடுங்கினால் போதும் என்று நினைத்தேன். முதல் பிளக்கைப் பிடுங்கித் திரும்பிப் பார்த்தேன். அவள் விடுபடவில்லை. அதைத் திரும்பச் செருகினேன். இரண்டாவதைப் பிடுங்கினேன், பார்த்தேன், செருகினேன். ஏன் செருகினாய் என்று கேட்பீர்கள். அது ஓட வேண்டிய மோட்டார். அதன் மேல் குற்றம் இல்லை. மூன்றாவது, நாலாவது. ஐந்தாவதைப் பிடுங்கியதும் அவள் விழுந்தாள்.

பிறகு ஒரு நாள் பட்டறையில் ஒரு பலகையில் ஏழு பிளக் மாட்டி, கடிகாரம் வைத்து அதே மாதிரி செய்து பார்த்தேன். முப்பத்தெட்டு விநாடி. மெயினை இறக்கியிருந்தால் நாலு விநாடி. பன்னிரண்டு தடவை செய்தேன். ஒரு தடவைகூட முப்பத்தைந்துக்குக் கீழே வரவில்லை.

மீன் விடுபட்டு நீந்திக்கொண்டிருந்தது. அதை விடுவித்துவிட்டுத்தான் அவள் விழுந்திருக்கிறாள். நான் முதலில் பார்த்தது மீனை என்பதையும் எழுதிவிடுகிறேன். பிறகு வாசலுக்கு ஓடிக் குரல் கொடுத்தேன். எதிர் வீட்டு அழகிரிசாமி காரை எடுத்தார். ஆஸ்பத்திரியில் கை நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, உயிர் இல்லை என்றார்கள்.

நீங்கள் வந்ததும், விசாரணை முடியும் வரை வீட்டில் கரண்ட் இருக்கக் கூடாது என்றீர்கள். ஒன்றரை மணிக்கு மின்வாரிய ஆட்கள் கம்பத்திலேயே ஒயரைக் கழற்றிவிட்டார்கள். அவர்கள் செய்தது முறைதான். ஆனால் அந்த மோட்டார்ச் சத்தமும் கம்ப்ரசர் சத்தமும் ஒரே நேரத்தில் நின்றுபோயின. கை கழுவக்கூட நிலைகொள்ளாமல் ஹாலுக்கும் பின்கட்டுக்கும் நடந்தேன். ஒரு சொம்பை எடுத்துத் தண்ணீரை மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றினேன். மூன்று மணிக்கு முப்பத்தொன்று. நாலு மணிக்குத் தண்ணீர் பால் மாதிரி ஆனது. பவளங்கள் சளியாகக் கரைந்து தொங்கின. அந்த வாடை வீட்டை விட்டு இன்னும் போகவில்லை. ஐந்து மணிக்குப் பட்டை போட்ட ஜோடி, ஒன்றன் பின் ஒன்றாக, மேலே வந்து பக்கவாட்டில் சாய்ந்தது.

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. ஸ்டாண்டில் தலையை வைத்துக்கொண்டு சத்தமாகவே அழுதேன். வாசலில் தெருவே நின்றுகொண்டிருந்தது. ராசாத்தாளின் மகள் மோகனப்பிரியா அந்த நேரத்தில் உள்ளே வந்தாள். காந்திபுரத்தில் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் பெண், கடைப் புடவையோடு வந்திருந்தாள். அம்மா சோறு கொண்டுவரும் தூக்குப்போசியை வாங்கிப் போக வந்தவள், என்னைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தாள். தண்ணீரில் நனைந்திருந்த என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அழுவாதீங்க மாமா. நீங்க என்னங்க பண்ணுவீங்க. அம்மா உங்களைப் பத்தி எப்பவும் நல்லாத்தான் பேசும்."

நான் கையை எடுக்கவில்லை. அவள் நினைத்தது தவறு என்று சொல்லவும் இல்லை. அவளும் அழுதாள், இரண்டு பேரும் வெகுநேரம் அழுதோம். நான் ராசாத்தாளுக்கும் சேர்த்துத்தான் அழுதிருப்பேன் என்று நினைக்கிறேன்.