மணி அடிக்காத மாமனார்

புறாவுக்குக் கோபம் வரும் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை, மேடம். நன்றாகவே வரும். எங்கள் ஆய்வகத்தில் குண்டு என்று ஒரு புறா இருந்தது. கூண்டுச் சுவரில் ஒரு பொத்தான். அதை அலகால் கொத்தினால் கீழே கிண்ணத்தில் தானியம் விழும். தானியத்தை நிறுத்திவிட்டால் குண்டு ஒரு பார்வை பார்க்கும் பாருங்கள், வாடகை கேட்டு வந்த வீட்டுக்காரர் தோற்றுப்போவார்.

விலங்குகள் ஒரு பழக்கத்தை எப்படிக் கற்கின்றன, எப்படி விடுகின்றன என்று பார்ப்பதுதான் என் தொழில். அதிலும் விடவைப்பது என் தனிப் பிரிவு. சுலபம்தான். கொத்தினால் ஒன்றும் விழக்கூடாது, அவ்வளவே. முதலில் வெறிபிடித்த மாதிரி கொத்தும். அப்போது மனம் இளகி ஒரே ஒரு மணி தானியம் போட்டீர்களோ, போச்சு. அப்புறம் ஓயவே ஓயாது. பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தால் தானாக அடங்கி மூலையில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

மாமனார் எங்கள் வீட்டுக்கு வந்தது பக்கவாதத்துக்குப் பிறகு. வலது பக்கம் செயலிழந்துவிட்டது, பேச்சு குழறும். ஆயுள் முழுக்க பஸ் ஓட்டியவர். ஹார்ன் அடித்துப் பழகிய கைக்கு என் மனைவி ஓர் அழைப்பு மணியை வாங்கிக் கொடுத்தாள். கேட்க வேண்டுமா? அவர் கட்டிலோரம் பொத்தானை அழுத்தினால், ஹாலில் என் மேஜைக்கு நேர் மேலே மணி குருவிக் குரலில் கத்தும். ஃபேனைக் கூட்டச் சொல்லி ஒரு தடவை, குறைக்கச் சொல்லி ஒரு தடவை. மணி அடித்து, "மாப்பிள்ளை, மணி என்ன?" என்பார். சொல்லிவிட்டு வந்து உட்காருவதற்குள் குருவி மறுபடி கத்தும்.

"ஒண்ணுமில்ல மாப்பிள்ளை. சும்மா, இருக்கீங்களான்னு பார்த்தேன்."

மனைவி காலையில் ஆபீஸ் போனால் இருட்டித்தான் வருவாள். நான் வீட்டிலிருந்தபடி கட்டுரை எழுதிக்கொண்டிருந்தேன். ஆக, குருவி என் தலையில்தான் விடிந்தது.

நான் அவரைக் கைநீட்டி அடித்ததில்லை. ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள். வேளாவேளைக்குச் சாப்பாடு, மருந்து, மாற்றுத் துணி, எதிலும் குறை வைக்கவில்லை. மணி அடித்தால் மட்டும் போகவில்லை.

குண்டுவைவிட மாமனார் வேகமாக அடித்தார். குருவிக்குத் தொண்டை கட்டிவிடும் போலிருந்தது. நான் காதில் பஞ்சு வைத்துக்கொண்டேன். நடுவில் காரியத்தைக் கெடுத்தது என் மனைவிதான். லீவு நாளில் அவர் அழுத்தியவுடன் ஓடுவாள். மறுநாள் நான் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அதனால் ஒரு சின்ன மாற்றம் செய்தேன். மணி அடித்தால், கொண்டுபோகவிருந்த தண்ணீரைக் கொஞ்சம் தள்ளிப்போடுவேன். மறுபடி அடித்தால் இன்னும் கொஞ்சம். ஈரத் துணியை மாற்றுவதும் அப்படியே. புறாவைவிட மனிதர்கள் சீக்கிரம் புரிந்துகொள்கிறார்கள்; அது எனக்கே ஆச்சரியம்தான்.

குருவி அடங்கியது. கட்டுரை மளமளவென்று வளர்ந்தது.

"அப்பா எவ்வளவு அமைதியாயிட்டாருங்க," என்றாள் மனைவி. "உங்க பொறுமை யாருக்கும் வராது."

பிறகு ஒரு நாள் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "தாகமா இருந்தாக்கூட என்கிட்ட கேக்க மாட்டேங்கிறாரு. நானா தண்ணி கொண்டுபோனா, ஒத்தக் கையத் தூக்கிக் கும்பிடுறாரு. பெத்த பொண்ணைப் போய் யாராவது கும்பிடுவாங்களா?"

"வயசாச்சில்ல. பக்குவம் வந்திருக்கும்," என்றேன்.

அவள் ஆபீஸ் வேலையாக வெளியூர் போயிருந்தபோதுதான் அது நடந்தது. மதியம், அவர் சாப்பிட்ட தட்டை எடுக்கப் போனேன். முகமெல்லாம் வேர்த்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். மாரடைப்பு என்று பார்த்ததும் தெரிந்தது. தெரியவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். அவர் கை பொத்தானுக்குப் போயிற்று. கட்டைவிரலை அதன்மேல் வைத்தார். என்னைப் பார்த்தார். விரலை எடுத்துவிட்டார்.

மேடம், இத்தனை வருஷத்தில் இவ்வளவு சுத்தமான முடிவை நான் பார்த்ததில்லை. விட்ட பழக்கம் உயிர் போகிற நேரத்திலாவது திரும்பி வருமா? ஆய்வகத்தில் வைத்து நான் கேட்கவே முடியாத கேள்வி அது. போன் என் சட்டைப் பையில் இருந்தது. ஆஸ்பத்திரி அடுத்த தெருவில். நான் நாற்காலியைக் கட்டிலுக்குக் கிட்டே இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

விரல் மறுபடி பொத்தானுக்குப் போய், மறுபடி பின்வாங்கியது. அப்புறம் கையை நீட்டினார். பொத்தானை நோக்கி இல்லை, என்னை நோக்கி. என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு, "மாப்பிள்ளை" என்றார். கொஞ்சமும் குழறவில்லை. அது பரிசோதனையில் சேராத விஷயம் என்பதால் நான் அசையவில்லை. பிடி தளரும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

மனைவி வந்து அழுது ஓய்ந்தபின், "மணி ரிப்பேரா?" என்று கேட்டாள். நன்றாகத்தான் வேலை செய்கிறது என்று அழுத்திக் காட்டினேன்.

"அப்ப ஏன் அவர் அடிக்கல?"

விளக்கினேன். உங்களுக்குச் சொன்னது மாதிரியே, புறாவிலிருந்து ஆரம்பித்து, நிதானமாக. அவள் முழுக்கக் கேட்கவில்லை. செருப்புகூடப் போடாமல் கிளம்பி உங்கள் ஸ்டேஷனுக்கு வந்துவிட்டாள்.

கொன்றாயா என்று கேட்டால், ஆமாம் என்றே எழுதிக்கொள்ளுங்கள். ஒரு சொல்லுக்காகச் சண்டை போடுகிற ஆள் நான் இல்லை. ஒன்றை மட்டும் நீங்கள் அவளுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். அன்றைக்கு அவர் மணியை மட்டும் அடித்திருந்தால், நான் உடனே உதவியிருப்பேன்.