மீதி முந்நூறு பாக்கெட்

ஹலோ... ஆமா, அவ நம்பர்தான். சொல்லுங்க... இல்ல, அவ இல்ல. நான் அவ புருஷன் பேசுறேன்... எந்தக் கம்பெனி?... ஓ, நீங்களா. உங்க கம்பெனி பேரு எங்க வீட்டுல ரொம்பப் பிரபலம் சார்.

கோவமெல்லாம் இல்ல. சொல்லுங்க... ஆமா... ஆமா, நெட்வொர்க்ல டேட்டா துண்டு துண்டாப் போகுமே, அந்தப் பாக்கெட்டைப் புடிச்சு எண்ணிக் காட்டுற டூல். அவ எழுதினதுதான்... இலவசம்தான், யாரு வேணா எடுத்துக்கலாம். நீங்க எடுத்துக்கிட்டீங்க, தெரியும்... சரி... உங்க மெஷின் எல்லாத்துலயும் புது சிஸ்டம் போட்டுட்டீங்க, அதுல இது ஓட மாட்டேங்குது. ம்... பதினாலு மெயில் போட்டீங்களா?... பதில் வரலியா. வராது சார்.

என்னது?... ஆமா, தினமும் காலைல பத்து மணிக்கு வரும். 'இன்னிக்கும் எல்லாம் சரி'ன்னு. எனக்கும் வருது... இல்ல, உங்களை மட்டும் ஒதுக்கி வைக்கல. திமிரும் இல்ல. சார்... சார், ஒரு நிமிஷம் நான் பேசிக்கட்டுமா? அது அவ அனுப்புறது இல்ல. அவ மேஜைக்கு அடியில ஒரு பழைய மெஷின் இருக்கு. பெருசுன்னு கூப்புடுவா. டூல் ஒழுங்கா ஓடுதான்னு அது தினமும் சோதிச்சுப் பாத்துட்டு அவ பேர்ல மெயில் போடும். தானாப் போடும். அவ செத்து நாலு மாசம் ஆச்சு.

...

ம்... ம்... பரவால்ல, உங்களுக்கு எப்படித் தெரியும்... முப்பத்தொண்ணு வயசு... ரத்தத்துல புத்துநோய்... ஆமா, சின்ன வயசுதான். தேங்க்ஸ்.

...ம். சரி, கேளுங்க. இவ்வளவு நேரம் வருத்தப்பட்டதே பெரிசு... குத்திக் காட்டல, கேளுங்க... இனிமே யாரு பாத்துக்குவாங்கன்னா கேக்குறீங்க? யாரும் இல்ல... நானா? நான் கட்டட பிளான் போடுறவன் சார். செவுத்துல ஜன்னல் எங்க வரும்னு கேளுங்க, சொல்றேன்... ஒரே ஒரு தடவை டைப் அடிச்சுக் குடுத்திருக்கேன். போன வருஷம் உங்க ஆளு ஒருத்தர், அவசரம், இன்னிக்கே வேணும்னு மூணு மெயில் போட்டாரு. அவ ஆஸ்பத்திரிக் கட்டில்ல இருந்தா. வலது கையில ஊசி. அவ சொல்லச் சொல்ல நான் அடிச்சேன். ப்ராக்கெட் போடு, ப்ராக்கெட்டை மூடுன்னு அவ சொல்றதைக் கேட்டு, பொண்ணு ஜொரத்துல ஒளறுதுன்னு பக்கத்துக் கட்டில் அம்மா நர்ஸைக் கூப்புட்டுட்டாங்க... உங்களுக்குத் தெரியாதா? தெரிஞ்சிருக்காதுதான். உங்க ஆளு பதிலுக்கு 'ஓகே'ன்னு ஒரு வார்த்தை போட்டாரு. 'பரவால்லியே, ரெண்டு எழுத்துல ஒண்ணை மிச்சம் புடிக்காம முழுசா அனுப்பியிருக்காரே'ன்னா.

விடுங்க. விஷயத்துக்கு வாங்க... நீங்களே புது சிஸ்டத்துக்கு மாத்தி எழுதிட்டீங்களா? அப்ப அதை வெச்சுக்க வேண்டியதுதானே... ஓ. அவ பேர்ல வெளிய வந்தாத்தான் உங்க கஸ்டமர் நம்புவாங்க... ம். ஆளு இல்லன்னாலும் பேரு வேணும்... சரி சார், எடுத்துக்குங்க... நெஜமாத்தான். பாஸ்வேர்டு நோட்டுல எழுதி வெச்சிருக்கா, தந்துடுறேன். மொத்தத்தையும் நீங்களே பாத்துக்குங்க. பெருசோட ப்ளக்கையும் இன்னிக்கே புடுங்கிடுறேன். தினமும் பத்து மணிக்கு எல்லாம் சரின்னு படிக்க எனக்கும் தெம்பு இல்ல.

இப்பவே புடுங்கக் கூடாதா?... சரி... நீங்க எழுதினதைப் பெருசு ஒரு தடவை ஓட்டிப் பாக்கணும், தேறினா பட்டன் பச்சையாகும், நான் அமுக்கினா அவ பேர்ல வெளிய போயிடும். அவ்வளவுதானே?... அதுக்கப்புறம் புடுங்கிக்கலாம். சரி, அனுப்புங்க. மேஜைக்குத்தான் போறேன்... இருங்க, ஒரே தூசி... ம், ஸ்கிரீன் வந்துடுச்சு... அனுப்பிட்டீங்களா? ஆமா, ஃபேன் சத்தம் ஏறுது. இது இப்படிக் கத்தி நாலு மாசம் ஆச்சு. யாரும் புதுசா ஒண்ணும் அனுப்பலியே, பழசையே ஓட்டிக்கிட்டுக் கெடந்துச்சு.

ஓடுது... இன்னும் ஓடுது... சாப்பிட்டேன் சார்... தனியாத்தான் இருக்கேன்... ம்... அதெல்லாம் பழகிடும்னு எல்லாரும் சொல்றாங்க, நீங்களும் சொல்லிட்டீங்க.

நின்னுடுச்சு... பச்சை இல்ல சார். சிவப்பு... சிவப்புதான், கண்ணு நல்லாத்தான் தெரியுது... கீழ ஏதோ வந்திருக்கு. தமிழ்ல... ஊரு உலகம் பூரா யாரு படிச்சாலும் திட்டுறதை மட்டும் தமிழ்லதான் திட்டுவேன்னு சொல்லுவா... படிக்கிறேன். 'அண்ணே...'

...

ஹலோ?... இருக்கேன்... இருக்கேன் சார். இருமல். 'அண்ணே, நான் அனுப்பினது பத்தாயிரம் பாக்கெட். நீங்க புடிச்சது ஒம்பதாயிரத்து எழுநூறு. ஒண்ணுமே தொலையலன்னு எழுதியிருக்கீங்க. மீதி முந்நூறும் டீ குடிக்கவா போயிருக்கு?'

அவதான்... அவளேதான். வேற யாரு அண்ணேன்னு ஆரம்பிச்சு மானத்தை வாங்குவாங்க?... இல்ல, நான் இதைப் பாத்ததே இல்ல. எப்பவோ எழுதி வெச்சிருக்கா. எல்லாம் சரியா இருந்தா இது வராது போலிருக்கு. தப்பு பண்ணாத்தான் வருது.

என்ன?... தொலைஞ்சது எத்தனைன்னு புது சிஸ்டத்துக்கிட்ட கேக்கத் தெரியாம, உங்க பசங்க பூஜ்ஜியம்னு போட்டு வெச்சுட்டாங்களா? அப்ப அவ கேட்டது சரிதானே... அந்தச் சோதனையைத் தூக்கிடணுமா?... ஒரே ஒண்ணுதான், யாருக்கும் தெரியாதா?... மாட்டேன்... மாட்டேன் சார்... பாஸ்வேர்டும் இல்ல... ஆமா, தரேன்னு சொன்னேன். இப்ப இல்லன்னு சொல்றேன். ப்ளக்கும் இருக்கட்டும்.

திருத்தி அனுப்புறீங்களா?... நல்லது. ஆனா இருங்க. அதை அப்புறம் பாத்துக்கலாம். மொதல்ல வேற எதையாவது தப்பா அனுப்புங்க... தப்பா. வேணும்னே... கிண்டல் பண்ணல சார். மொத்தம் நாப்பத்தாறு சோதனைன்னு இங்க போட்டிருக்கு. ஒவ்வொண்ணுக்கும் ஒரு வரி எழுதி வெச்சிருப்பா... ஃபைலைத் தெறந்தாலே எல்லாத்தையும் படிச்சுடலாம், தெரியும். படிச்சா அரை மணி நேரத்துல தீந்துடும் சார்... அதோட, சும்மா இருக்குறவங்களை அவ திட்ட மாட்டா. யாராவது தப்பு பண்ணணும். எனக்குப் பண்ணத் தெரியாது.

உங்க பசங்ககிட்ட சொல்லுங்க. நாளைக்கு ஒண்ணு போதும். சின்னதா இருந்தாலும் போதும்... அன்னிக்கு ஊசி குத்தின கையோட உங்களுக்குச் செஞ்சு குடுத்தா இல்ல, அதுக்காக... அவசரம் சார். நீங்க மூணு மெயில் போட்டீங்களே, அந்த மாதிரி அவசரம்... ஹலோ?... சார், லைன்ல இருக்கீங்களா?... பத்து மணிக்கு முன்னாடி அனுப்பிடுங்க. இல்லன்னா அது மறுபடியும் எல்லாம் சரின்னு போட்டுடும்... ஹலோ?... ஹலோ?