கத்தியைக் கீழே வைக்கச் சொன்னவர்

மேடையில் அமர்ந்திருக்கும் மருத்துவமனைக் கண்காணிப்பாளர் அவர்களே, பாதிரியார் அவர்களே, முன்வரிசையில் துயரத்தோடு அமர்ந்திருக்கும் திரு. லுக்வேசா அவர்களே, அவருடைய மகள்களே, சுரங்கக் குடியிருப்புகளிலிருந்து பேருந்து பிடித்து வந்திருக்கும் நோயாளிகளே, உடன் பணியாற்றும் தோழர்களே! உங்கள் எல்லோருக்கும் இந்த ஜேரேயின் வணக்கம்.

நம் புற்றுநோய்ப் பிரிவின் மூத்த செவிலியர், சகோதரி கசோந்தே லுக்வேசா நம்மை விட்டுப் போய்விட்டார். கிட்வே நகரத்தில் குடலிலும் கணையத்திலும் கட்டி வந்தவர்களில் அவருடைய கைபேசி எண் தெரியாதவர் யார்? யாரும் இல்லை!

நான் இருபத்திரண்டு ஆண்டுகளாக இங்கே அறுவை மருத்துவன். அதைவிட முக்கியம், நான் ங்கோனி இனம், அவர் பெம்பா இனம். எங்கள் முன்னோர்கள் ஈட்டியால் பேசிக்கொண்டார்கள். சண்டை ஓய்ந்தபின் எங்களுக்கு மிஞ்சியது கேலிமுறை: அவர்கள் எங்களை எலித்தின்னி என்பார்கள், நாங்கள் அவர்களைக் குரங்குத்தின்னி என்போம், சாவு வீட்டில்கூட யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. சனிக்கிழமை அடக்கத்தின்போது நான்தான் சவப்பெட்டியை மறித்து நின்றிருக்க வேண்டும். "இந்தக் குரங்குத்தின்னிய எங்க தூக்கிட்டுப் போறீங்க? அவளுக்கு இன்னும் டூட்டி முடியல!" என்று கத்தியிருக்க வேண்டும். எல்லோரும் என் வாயையே பார்த்தீர்கள். நான் ஒதுங்கி வழிவிட்டேன். முறை தவறியதற்கு அவருடைய குடும்பத்திடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

இந்த மருத்துவமனையில் பெரிய டாக்டர் ஒன்று சொன்னால் மறுபேச்சு உண்டா? செவிலியர் தலையாட்டுவார், இளைய மருத்துவர் குறிப்பெடுப்பார், நோயாளி நன்றி சொல்வார். நானும் அப்படியேதான் வளர்ந்தேன், அப்படியே நடந்தேன். கத்தி என் கையில், முடிவு என் வாயில்.

ஏழு வருடங்களுக்கு முன்னால், மலக்குடலில் கட்டியோடு கடோங்கோ என்ற சுரங்கத் தொழிலாளி வந்தார். தேவாலயப் பாடகர் குழுவில் கனத்த குரலில் பாடுகிறவர். முதலில் தலைநகர் லுசாகாவுக்கு அனுப்பிக் கதிர்வீச்சு கொடுத்துக் கட்டியைச் சுருக்கியிருக்க வேண்டும். நான் யாரையும் கேட்கவில்லை. மறுநாளே வெட்டி எடுத்தேன், மலம் போக வயிற்றில் வழி வைத்தேன், கையைக் கழுவினேன். வெற்றி என்று நானே சொல்லிக்கொண்டேன்.

மூன்று மாதம் கழித்து சகோதரி கசோந்தே எங்கள் மருத்துவர் அறைக்குள் நுழைந்தார். கையில் ரொட்டி வாங்கிவரும் பிளாஸ்டிக் பை ஒன்று. மேசைமேல் வைத்தார்.

"எலித்தின்னி, இது என்னன்னு தெரியுதா?"

"ரொட்டிப் பை."

"கடோங்கோ வயித்துல கட்டிக்கிட்டுத் திரியுறது இதத்தான். அதுக்குன்னு இருக்கிற பை எங்க கிடைக்கும்னு அவர்கிட்ட யாராவது சொன்னீங்களா? வாடை வருதுன்னு கோயிலுக்கே போறதில்ல மனுஷன். நீ கட்டிய மட்டுமா வெட்டின? அவரோட ஞாயித்துக்கிழமையையும் சேர்த்துல்ல வெட்டிட்ட!"

அறையில் எட்டுப் பேர் இருந்தார்கள். வேறு எந்தச் செவிலியர் அப்படிப் பேசியிருந்தாலும் அன்றோடு அவர் வேலை போயிருக்கும். ஆனால் கேலிமுறைக்காரியிடம் கோபித்துக்கொள்ள எந்த ங்கோனிக்கு உரிமை உண்டு? சிரித்து மழுப்பப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. பதினான்காவது மாதத்தில் கடோங்கோவுக்குக் கட்டி திரும்பி வந்தது. அவரை நாங்கள் இழந்தோம். நான் இழந்தேன் என்று சொல்வதுதான் நேர்மை.

அந்த ரொட்டிப் பையிலிருந்து பிறந்ததுதான் நம் புதன்கிழமைக் கூட்டம்! அறுவை மருத்துவர், மருந்து கொடுப்பவர், ஸ்கேன் படம் பார்ப்பவர், திசு பார்ப்பவர், உணவு சொல்பவர், வீடு வீடாகப் போகும் செவிலியர் எல்லோரும் ஒரே மேசையில். எல்லோரும் பேசி முடிக்காமல் கத்தியைத் தொடக்கூடாது. கணையக் கட்டியோடு இளைத்துக்கொண்டே போன ஒரு தாயைப் பற்றி நாங்கள் படத்தைப் பார்த்து வாதாடிக்கொண்டிருந்தோம். "கழிப்பறையில எண்ணெய் மிதக்குதாம். ந்ஷிமாக் களி ஒரு உருண்டைகூட உடம்புல ஒட்டலையாம். முதல்ல செரிமான மாத்திரையக் குடுங்கய்யா, அப்புறம் சண்டை போடுங்க!" என்றார் சகோதரி கசோந்தே. அந்தத் தாய் தேறி, சிகிச்சையைத் தாங்கினார். இதோ பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்.

இனிச் சொல்லப்போவது எனக்குக் கடினம்.

போன ஆண்டு ஒரு புதன்கிழமை, வழக்கம்போல சகோதரி கசோந்தேயே நோயாளிக் குறிப்புத் தாளைப் படித்தார். "பெண். வயது அம்பத்திநாலு. முதுகுவலி, மஞ்சள்காமாலை. கணையத் தலையில் கட்டி." பெயர் படிக்கவில்லை. படிக்கவேண்டிய தேவை என்ன? அவருடைய கண்கள் மஞ்சளாக இருந்தனவே!

ஸ்கேன் படம் பார்க்கும் இளம்பெண் டாக்டர் நமகாவு, கட்டி பெரிய இரத்தக்குழாயைச் சுற்றி வளைத்துவிட்டது, எடுக்க முடியாது என்றார். நான் மேசையைத் தட்டினேன். "நான் எடுப்பேன்!" என்றேன்.

"எலித்தின்னி, கத்தியக் கீழ வை," என்றார் சகோதரி கசோந்தே. "நீ நிம்மதியாத் தூங்கறதுக்கு என் வயித்தக் கிழிக்கணுமா? எல்லாரும் சொன்னதக் கேட்டேன். இப்ப நோயாளி சொல்றேன். பித்தம் வடிய குழாய் வையுங்க. மருந்து உடம்பு தாங்குற வரைக்கும் குடுங்க. வலிக்கு ஒழுங்கா மருந்து குடுங்க. எம் பொண்ணு கல்யாணத்துல நான் ஆடணும்."

ஆடினார்! சிட்டெங்கே துணியை இடுப்பில் இறுக்கிக்கொண்டு, மகளின் கல்யாணத்துக்காக நடந்த பெண்கள் விருந்தில் மத்தளக்காரிகள் களைக்கும்வரை ஆடினார். நான் வெட்டியிருந்தால் அந்த மாதங்களை அவர் என் வார்டில் கழித்திருப்பார், திரும்பி வந்திருக்கவே மாட்டார். அவரை உடன்பிறந்தவளாக நேசித்தேன். அந்த நேசத்தாலேயே அவரைக் கொன்றிருப்பேன்.

நண்பர்களே, இந்த இடத்தில் நான் உறுதிமொழி சொல்ல வேண்டும். புதன்கிழமைக் கூட்டம் தொடரும் என்று சொல்வது எளிது. கடந்த புதன்கிழமையும் கூடினோம். அவரை அடக்கம் செய்து நான்கே நாள். ஒரு நோயாளிக்கு உடனே அறுவை என்றேன். மேசையைச் சுற்றிப் பதினொரு பேர். ஒருவரும் வாய் திறக்கவில்லை! டாக்டர் நமகாவு வாயெடுத்தார், என் முகத்தைப் பார்த்தார், மூடிக்கொண்டார். பிறகு தாழ்வாரத்தில் நிறுத்திக் கேட்டேன். "நீங்க பெரியவங்க சார். நான் லோசி இனம். உங்ககிட்ட எனக்கு அந்த உரிமை இல்லையே," என்றார்.

இரண்டு இரவு எனக்குத் தூக்கமில்லை. அத்தனை பேர் கூடிய மேசையில் என்னைத் தடுக்க ஒரே ஒருவருக்குத்தான் உரிமை இருந்தது, அவரையும் புதைத்துவிட்டோம். மற்றவர்களை ஊமையாக வைத்திருந்தவன் நான்.

நாளை நடக்க இருந்த அந்த அறுவையை இன்று காலை நிறுத்திவைத்தேன். இந்தச் சபை சாட்சியாகச் சொல்கிறேன்: அந்த மேசையில் உட்காரும் எவருக்கும், எந்த இனமானாலும், எவ்வளவு இளையவரானாலும், இன்றுமுதல் நான் கேலிமுறைக்காரன். நான் கோபித்துக்கொண்டால் அது கசோந்தேயின் கல்லறைக்குச் செய்யும் அவமானம்.

டாக்டர் நமகாவு, மூன்றாவது வரிசையில் தலைகுனிந்திருக்கிறீர்கள். நோயாளியின் பெயரை இங்கே சொல்ல வேண்டாம். அன்றைக்கு விழுங்கிக்கொண்ட அந்த ஒரு வார்த்தையை மட்டும் எல்லோருக்கும் முன்னால் என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.

வாருங்கள் அம்மா, ஒலிவாங்கி உங்களுக்கு. நான் உட்கார்ந்துகொள்கிறேன்.