வலப்பக்கம் ஒரு வரி கீழே

அதில்லை சார், அகலமான அட்டவணையைச் சின்னப் புத்தகத்துக்குள் அடக்குவது வெறும் எழுத்தைக் குறுக்குகிற வேலை இல்லை. படிக்கிறவருடைய கண் எங்கே போகும் என்று தெரிய வேண்டும். எனக்கு அது ரொம்பப் பிடிக்கும். அச்சகத்தில் அட்டவணை என்றாலே எல்லோரும் முகத்தைச் சுளிப்பார்கள், நான் மட்டும் கையைத் தூக்குவேன்.

கிரேன் கம்பெனியின் சுமை அட்டவணையையும் அப்படித்தான் நானே கேட்டு வாங்கினேன். சுமை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, கிரேனின் கை எவ்வளவு நீளம், அதற்கு எத்தனை டன் வரை தூக்கலாம் என்று சொல்கிற அட்டவணை. போர்வை மாதிரி ஒரே தாள், காற்றடித்தால் கையில் நிற்காது. அதைச் சட்டைப்பையில் வைக்கிற புத்தகமாக்கிக் கேட்டார்கள்.

அந்தக் கம்பெனியில்தான் என் அண்ணன் கிரேன் ஓட்டினார். தாளைப் பார்த்து எத்தனை டன் என்று சொல்வது மேற்பார்வையாளர் வேலை, சொன்னதைத் தூக்குவது அண்ணன் வேலை. ஒரு நாள் மேற்பார்வையாளர் தாளைப் பிரிக்காமலே ஒரு கணக்குச் சொன்னார். கிரேன் சாய்ந்தது. அண்ணன் ஓட்டுகிற கேபினுக்குள்ளேயே உயிரை விட்டார். பக்கத்தில் நின்றவர்கள் இதை என்னிடம் சொன்னார்கள், விசாரணையில் சொல்லவில்லை.

துக்கம் கேட்க வந்த மேற்பார்வையாளர் எங்கள் வாசலில் நின்று அண்ணியிடம் சொன்னார். “நான் சரியாத்தான்மா சொன்னேன். அவன் ஒரு அவசரக் குடுக்கை.”

விசாரணை அறிக்கையிலும் அதுவே ஏறியது. அதற்கப்புறம் அண்ணி, அண்ணன் படத்துக்கு முன்னால் நின்று, ஏன் அவசரப்பட்டீங்க என்று கேட்க ஆரம்பித்தார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

சரி, வேலைக்கு வருகிறேன். அட்டவணையை நடுவில் வெட்டி எதிரெதிர்ப் பக்கங்களில் வைத்தேன். இடப்பக்கத்தில் தூரமும் குட்டைக் கைக்கான டன்களும். வலப்பக்கத்தில் நெட்டைக் கைக்கான டன்கள். இப்படி வெட்டினால் தூரத்தை வலப்பக்கத்திலும் திரும்பப் போட வேண்டும், வேலைக்குச் சேர்ந்ததுமே சொல்லிக் கொடுப்பார்கள். நான் போடவில்லை. வலப்பக்கத் தலைப்பை ஒரு வரி கூட்டினேன். அந்தப் பக்கத்து எண்கள் எல்லாம் ஒரு வரி கீழே இறங்கின. கண் வழுக்காமல் இருக்க ஒரு வரி விட்டு ஒரு வரி சாம்பல் பட்டை போடுவோம், அந்தப் பட்டைகளை மட்டும் மடிப்பைத் தாண்டி ஒன்றோடொன்று சேர வைத்தேன். பட்டையைப் பிடித்துக்கொண்டு போகிறவர், கிட்டே இருக்கும் சுமைக்கான டன்னை எட்டத்தில் இருப்பதற்கு எடுத்துக்கொள்வார். எட்டத்தில் அவ்வளவு தூக்கினால் கிரேன் நிற்காது. ஆனால் ஒரு எண்ணைக்கூட நான் மாற்றவில்லை. அதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள்.

பிழை பார்க்கிற அக்கா ஒவ்வொரு பக்கமாக மூலத்தோடு ஒப்பிட்டார். எல்லாம் சரியாக இருந்தது.

“ஏன்டி, இந்தப் பக்கத்துல தூரம் வேணாமா?”

“இடம் இல்லக்கா. அதான் பட்டை இருக்கே, குழந்தைகூடப் பிடிச்சுக்கிட்டுப் போயிடும்.”

“நீ பேசாம ஒரு அட்டவணையையே கட்டிக்கோ” என்று சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

மேற்பார்வையாளரே அச்சகத்துக்குப் போன் பண்ணினார். நான் யார் தங்கை என்று அவருக்குத் தெரியாது. இப்போதுதான் மனிதன் பார்க்கிற மாதிரி இருக்கிறது என்று பாராட்டினார். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும். நெட்டைக் கை போட்ட அன்று அவர் புத்தகத்தைப் பிரித்து, விரல் வைத்து, பட்டையோடு போய்ப் பார்த்துத்தான் சொன்னார். கிரேன் மறுபடியும் சாய்ந்தது. அவர் எப்போதும் தள்ளி நிற்கிறவர் என்று எனக்குத் தெரியும். அவர் சாக வேண்டும் என்று நான் நினைக்கவே இல்லை. புத்தகத்தைப் பார்த்துத்தான் சொன்னேன் என்று அவர் கதற வேண்டும், ஒருவரும் நம்பக் கூடாது, அவ்வளவுதான். அதற்குக் கேபினில் யாராவது ஒருவர் இருக்கத்தானே வேண்டும்.

அப்படியே நடந்தது. எண்களில் தவறில்லை, பார்த்தவர்தான் தவறாகப் பார்த்தார் என்று எழுதி அவரை உள்ளே வைத்தார்கள். நீங்கள் அளவுகோலை எடுத்து இரண்டு பக்கத்தையும் சேர்த்து அளந்ததுதான் புதுசு. நல்ல கண் உங்களுக்கு.

கேபினில் இறந்தவருடைய தங்கை, பின்னட்டையில் அச்சகத்தின் பெயரைப் பார்த்துத் தேடிக்கொண்டு வந்தாள். அவளை என் நாற்காலியில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தேன்.

“எங்க அண்ணன் மேல ஏதாவது தப்பு இருக்குமாக்கா?”

“ஒரு தப்பும் இல்லம்மா. சொன்னதைத்தான் தூக்கினார். யார் கேட்டாலும் தைரியமாச் சொல்லு.”

என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எங்கள் வீட்டில் ஒருவரும் வந்து சொல்லாத வார்த்தை அது. நான் மட்டும் இல்லாவிட்டால் அந்த ஆறுதல் அந்தப் பெண்ணுக்குக் கிடைத்திருக்குமா? நீங்கள் என்ன நினைக்கிறீர்கள், சார்?