குச்சியின் நுனியில் எண்ணெய்

கிளட்ச் இல்லாத காரில், ஆட்டோ கியர் எண்ணெயை எஞ்சின் ஓடும்போதுதான் பார்க்க வேண்டும். பாதிப் பேருக்கு இது தெரியாது. காலையில் குளிர்ந்து கிடக்கும் காடியில் எண்ணெய் அளக்கும் குச்சியை உருவிப் பார்த்துவிட்டு ஏதாவது பேசுவார்கள். என் பழைய காடிக்கு அது ஆகாது. சமமான தரையில் நிறுத்தி, பிரேக்கை மிதித்துக்கொண்டு எல்லாக் கியரையும் ஒரு முறை போட்டு எடுக்க வேண்டும். எஞ்சின் சூடாக இருக்கும்போதே குச்சியை உருவி, துடைத்து, மறுபடி விட்டு உருவ வேண்டும். பிறகு துடைத்த துணியை மோந்து பார்க்க வேண்டும். நல்ல எண்ணெய் சிவப்பு. கெட்டது கருத்துப்போய்க் கருகல் நாற்றம் அடிக்கும்.

சார்ஜன், நீங்கள் கேட்டதற்குத்தான் வருகிறேன்.

நான் மூன்றாம் வகுப்போடு சரி. தோட்டத்தில் முப்பது வருஷம் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டினேன். எழுதி வைக்க வராது. அதனால் பழைய வேட்டியைக் கிழித்து வைத்து, மாதம் ஒரு துண்டில் குச்சியைத் துடைத்துக் கொட்டகைக் கம்பியில் தொங்கவிடுவேன். நேற்று நீங்கள் எடுத்துப்போனவை அவைதான். கடைசித் துணியில் ஒரு பொட்டு அளவுதான் எண்ணெய் என்றீர்கள். சரியாகத்தான் பார்த்திருக்கிறீர்கள்.

மகளின் புருஷன், என் மருமகன் முகுந்தன், உங்கள் போலீஸ் ஸ்டேஷனில் அழுதானாம். எண்ணெய் பார்க்காமல் விட்டது நான்தான், அத்தையைக் கொன்றது நான்தான் என்று எழுதிக் கொடுத்திருக்கிறானாம். கேட்டதும் எனக்கு அருவருப்பாக இருந்தது. அந்தக் குச்சி எங்கே இருக்கிறதென்றே அவனுக்குத் தெரியாது. அவன் எப்படிக் கொல்ல முடியும்?

என் கண்ணில் புரை விழுந்து லைசென்ஸ் போன பிறகுதான் காடி அவன் கைக்குப் போனது. செனாவாங் தொழிற்சாலையில் ராத்திரி ஷிஃப்ட், கம்பெனி பஸ்ஸில் போய் வருவான், பகலில் சும்மா இருப்பான். என் மனைவி குமுதவல்லிக்கு இரண்டு வருஷமாகச் சிறுநீரகம் வேலை செய்யவில்லை. செவ்வாய், வியாழன், சனி தம்பின் ஆஸ்பத்திரிக்கு ரத்தம் கழுவப் போக வேண்டும். அவன்தான் கூட்டிப்போவான். போகும்போதே தின்பான். சீட்டெல்லாம் குரோப்போக் வறுவல் துகள். மூக்கைத் துடைத்த கையாலேயே ஸ்டீயரிங்கைப் பிடிப்பான். எண்ணெய் பார்த்தாயா என்று கேட்டால் சிரிப்பான்.

"ஓடுதுதானே மாமா? ஓடுற காடிய எதுக்கு நோண்டணும்லா?"

அவனுக்கு ஒரு பாடம் வேண்டும் என்று நினைத்தேன். நடுரோட்டில் காடி நின்றுபோய், நாலு பேர் பார்க்க, அவன் தள்ள வேண்டும். அவ்வளவுதான்.

குமுதவல்லியைப் பற்றியும் கேட்டீர்கள். சண்டை கிடையாது. நான்தான் கஞ்சி வைத்துக் கொடுப்பேன். ஆனால் அந்த நோயில் ஒரு வாடை வரும், சார்ஜன். வாயிலிருந்து மூத்திர வாடை. தலையணையில், அவள் குடித்த குவளையில், கதவுத் திரையில். ரத்தம் கழுவி வந்த அன்று குறையும், மறுநாள் ஏறும். சாம்பிராணி போட்டுப் பார்த்தேன். அவளுக்கும் தெரியும். ஒரு நாள் போர்வையை மடிக்கும்போது சொன்னாள்.

"துணிய மோந்து பாக்குற மாதிரி என்னையும் மோந்து பாக்காதீங்க. மாத்துறதுக்கு நான் எண்ணெயா?"

அதன்பிறகு என் பாயைக் கொட்டகைக்கு மாற்றிக்கொண்டேன்.

அவள் சாவதற்கு முந்தின சனிக்கிழமை தோட்டத்து அம்மன் கோயிலில் தீமிதி. அவள் ரத்தம் கழுவப் போகவில்லை. ஒரு தவணைகூட விடக்கூடாது என்று நர்ஸ் சொல்லியிருந்தார். நானும் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன். மகள் ஷாமினி கெஞ்சினாள். குமுதவல்லி கேட்கவில்லை, செவ்வாய்க்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்றாள். நான் குறுக்கே பேசவில்லை.

திங்கட்கிழமை பகலில் ஷாமினியும் முகுந்தனும் பஸ்ஸில் வெளியே போயிருந்தார்கள்; வீட்டில் அவளும் நானும்தான். அவள் கட்டிலில் கிடந்தாள். நான் எஞ்சினை ஓடவிட்டேன். ரேடியேட்டருக்குப் போகும் கியர் எண்ணெய்க் குழாயில் ஒரு கிளிப் இருக்கிறது. அதை ஸ்க்ரூ டிரைவரால் தளர்த்தி, அடியில் பழைய பிஸ்கட் டின்னை வைத்தேன். கொஞ்சம் எடுத்துக் குச்சியைப் பார்த்தேன். இன்னும் கொஞ்சம் எடுத்துப் பார்த்தேன். நுனி மட்டும் நனைந்தபோது கிளிப்பை முறுக்கிவிட்டேன். அந்த அளவுக்குச் சமதரையில் போகும். சூடேறினால் மேட்டில் இழுக்காது. லோரி ஓட்டினவனுக்கு அது தெரியும். துணியை வழக்கம்போலக் கம்பியில் போட்டேன். நான் எதையும் மறைக்கிறவன் இல்லை.

செவ்வாய்க்கிழமை காலை அவளுக்கு மூச்சு வாங்கியது. நானே கையைப் பிடித்துப் பின்சீட்டில் உட்கார வைத்தேன்.

"மூச்சு ஒரு மாதிரியா இருக்குங்க. காடி நல்லா இருக்குல்ல?"

"நேத்துதான் பாத்தேன். போ."

தம்பின் போகும் ரோட்டில், பதினோராம் நம்பர் மேட்டில் காடி நின்றது. இரண்டு பக்கமும் செம்பனை, கைப்பேசிக்கு லைன் கிடைக்காத இடம். முகுந்தன் தள்ளிப் பார்த்திருக்கிறான், பிறகு உதவி தேடி ஓடியிருக்கிறான். குலை லோரி வந்து சேர முக்கால் மணி நேரம். அதற்குள் நெஞ்சில் நீர் கட்டிப் போய்விட்டாள்.

பாடம் மருமகனுக்குத்தான், சார்ஜன். அவளுக்கு இல்லை. இதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

நீங்கள் ஒன்று கேட்டீர்கள். ஞாயிற்றுக்கிழமைதோறும் மருமகன் காடியை எடுத்துக்கொண்டு தனியாக லுக்குட்டுக்குப் போகிறானே, அன்றைக்குச் செய்திருக்கலாமே என்று. அதை நானும் யோசித்தேன். அந்த ரோட்டிலும் மேடு இருக்கிறது.

எட்டாம் நாள் ஷாமினி அம்மாவின் தலையணை, போர்வை, திரை எல்லாவற்றையும் துவைத்துப் போட்டாள். காய்ந்ததும் ஒவ்வொன்றாக எடுத்து மோந்து பார்த்தேன். ஒன்றும் இல்லை. என் பாயை மறுபடி வீட்டுக்குள்ளேயே போட்டுக்கொண்டேன்.