விழிதியூருக்கு அரை மணி நேரம்

அன்புள்ள மதர்,

இங்கே மிளகாய்க்குப் பஞ்சமே இல்லை. காரைக்கால் பயிற்சி வீட்டில் இரண்டு மாதம் எங்களைக் காரமில்லாமல் சாப்பிட்டுப் பழக வைத்தீர்களே, அது வீண். மடகாஸ்கரில் சாப்பாட்டு மேஜைதோறும் மிளகாய் விழுது வைத்துத் தொட்டுக்கொள்கிறார்கள். முதல் நாள் சாப்பாட்டில் ஆக்சிலியாவும் நானும் சிரித்த சிரிப்பைப் பார்த்து இங்குள்ள சிஸ்டர்கள் பயந்துபோனார்கள்.

உங்கள் கடிதம் வந்தது. விழிதியூரிலிருந்து ஜொஹரா என்ற பெண் உங்களை வந்து பார்த்ததாக எழுதியிருந்தீர்கள். அவள் போன் செய்தபோது நான் என்ன சொன்னேன், ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்டிருந்தீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஒன்றும் மறைக்காமல் எழுதுகிறேன்.

மற்றவர்களுக்கு அந்த வீட்டில் ஒரு வருஷம்தான் பயிற்சி. எனக்கு ஆறு வருஷம் ஆனது, உங்களுக்கே தெரியும். இருவர் இருவராகத்தான் அனுப்புவோம், தனியாக யாரும் போகக்கூடாது என்பது நம் சபையின் சட்டம். என் முதல் ஜோடி பாதியில் வீட்டுக்குப் போய்க் கல்யாணம் செய்துகொண்டாள். இரண்டாவது ஜோடிக்கு மருத்துவப் பரிசோதனையில் நுரையீரலில் ஏதோ நிழல் தெரிந்தது. ஒவ்வொரு முறையும் நான் பெட்டியைப் பிரித்து அடுக்கிவிட்டு, ஒரு வருஷத்துக்கும் மேல் காத்திருந்து, அடுத்து வருகிற புதுப் பெண்களோடு முதல் பாடத்திலிருந்து உட்கார்ந்தேன். காலை ஐந்துக்கு மணி. குளிக்கவும் துவைக்கவும் சேர்த்து ஒரே வாளித் தண்ணீர். பூசை முடிந்ததும் ஆரோக்கியஜோசப் சாரின் பிரெஞ்சு வகுப்பு. மத்தியானம் ஆரஞ்சுப் பழத்தில் ஊசி போட்டுப் பழகுவது, சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டுவது, கோழி அறுப்பது. “உங்களுக்கு எங்கே வலிக்கிறது?” என்று பிரெஞ்சில் கேட்பதை மட்டும் மூன்று தடவை படித்திருக்கிறேன்.

மூன்றாவதாக வந்த ஜோடிதான் ஆக்சிலியா. அவளுக்கு இருபத்துநாலு, எனக்கு முப்பத்துநாலு. முப்பத்தைந்துக்கு மேல் அனுப்ப மாட்டீர்கள். இதை ஒரு காரணமாகச் சொல்லவில்லை, வயதைச் சொன்னேன்.

ஆரஞ்சில் ஊசியைக் குத்திவிட்டு “வலிக்குதா?” என்று அந்தப் பழத்தையே கேட்டவள் அவள். கோழி அறுக்கும் நாளில் ஒவ்வொரு கோழியிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தாள், அதற்குள் கோழி ஓடிவிடும். நான்தான் பிடித்து வந்து அறுப்பேன். என்னை அக்கா என்று கூப்பிட்டாள். எனக்குத் தங்கை கிடையாது. அவள்மேல் எனக்கு உயிர், மதர். அதை நீங்கள் நம்ப வேண்டும்.

அவளுக்கு அப்பா இல்லை. விழிதியூரில் அம்மா மட்டும் இருந்தார், வயல் வேலைக்குப் போகிறவர். ஒரே பெண்ணைக் கடல் தாண்டி அனுப்ப அவருக்கு மனமில்லை. கிறிஸ்துமஸ் லீவு முடிந்து இவள் கிளம்பும்போது வாசலுக்குக்கூட வராமல் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாராம். வெளிநாடு போகுமுன் ஒரு நாள் உட்கார்ந்து பேசிச் சமாதானப்படுத்திவிட வேண்டும் என்று ஆக்சிலியா சொல்லிக்கொண்டே இருந்தாள்.

அதற்குள் கடைசி இருபத்தொரு நாள் வந்துவிட்டது. அந்த நாட்களில் நாங்கள் ஏற்கெனவே போய்விட்டதாகவே வாழ வேண்டும். வீட்டுக்குப் போகக்கூடாது, போனில் பேசக்கூடாது, கடைசி நாள் வழியனுப்பும் பூசையில்தான் குடும்பத்தைப் பார்க்கலாம். சாவு, பெரிய நோய் என்றால் மட்டும் உங்களிடம் அனுமதி கேட்கலாம். மூத்தவள் என்பதால் போன் பொறுப்பு என்னிடம் இருந்தது.

எட்டாவது நாள், காலை பத்து மணி இருக்கும். பக்கத்து அறையில் பிரெஞ்சு வகுப்பு நடந்துகொண்டிருந்தது. ஆக்சிலியா வாய்விட்டுப் பாடம் சொல்வது எனக்குக் கேட்டது.

“சிஸ்டர், நான் விழிதியூர் ஜொஹரா பேசுறேங்க, ஆக்சிலியா பக்கத்து வீடு. அதோட அம்மாவுக்கு நேத்துலேருந்து ரொம்ப முடியலங்க. ஒரு பக்கம் கை கால் வரல. பேச்சும் குழறுது. அது பேரத்தான் சொல்லிக்கிட்டு கெடக்கு. செத்த நேரம் அனுப்பி வைங்க, நான் பஸ் ஸ்டாண்டுக்கே வந்து கூட்டிட்டுப் போயிடுறேன்.”

“அவங்க போயிட்டாங்களே” என்றேன்.

“எங்கங்க?”

“வெளிநாட்டுக்குத்தான். போன வாரமே ஏறியாச்சு.”

ஜொஹரா அதை யாரிடமோ மெல்லச் சொல்வது கேட்டது. பிறகு, “அம்மா கேக்குதுங்க, சொல்லிக்காமயா போச்சுன்னு” என்றாள்.

“அவசரமாக் கெளம்ப வேண்டியதாப் போச்சுன்னு சொல்லுங்க” என்று வைத்துவிட்டேன்.

நான் நன்றாக யோசித்துத்தான் சொன்னேன். பக்கவாதம் வந்தவர்கள் பத்து வருஷம்கூட இருப்பார்கள். ஒரே பெண், போனால் திரும்பி வரமாட்டாள். கடவுள் அவளுக்குக் கொடுத்த அழைத்தல் அந்தக் கட்டிலடியிலேயே முடிந்துவிடும். போய்விட்டதாகவே வாழுங்கள் என்று சொன்னது நீங்கள்தான். நான் அதைத்தான் போனில் சொன்னேன் என்று அப்போது தோன்றியது.

பன்னிரண்டாவது நாள் ஜொஹரா மறுபடியும் கூப்பிட்டாள். விடியற்காலையில் அம்மா தவறிவிட்டார், சாயங்காலம் எடுக்கிறோம், எப்படியாவது தகவல் சொல்லிவிடுங்கள் என்று அழுதாள். சொல்லிவிடுகிறேன் என்றேன். அன்று மத்தியானம் வெறும் மரவள்ளிக்கிழங்கு. எனக்குப் பசி அதிகம் என்று ஆக்சிலியா தன் கிழங்கில் பாதியை என் தட்டில் வைத்தாள். நான் சாப்பிட்டேன். நாலு மணிக்கு இருவரும் கொல்லையில் சைக்கிள் டியூபுக்குப் பஞ்சர் ஒட்டினோம். விழிதியூர் பஸ்ஸில் அரை மணி நேரம்தான். அந்த நேரத்தில் கிளம்பியிருந்தால்கூட முகத்தைப் பார்த்திருக்கலாம். அவள் அன்று முதல்முறையாகத் தானே ஒட்டி முடித்தாள், காற்று இறங்காமல் நின்றது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

வழியனுப்பும் பூசையில் அவள் பீடத்தைப் பார்க்கவே இல்லை. கோவில் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆக்சிலியாவின் அம்மா வரவில்லையா என்று நீங்கள் என்னைக் கேட்டீர்கள். கோபம் இன்னும் ஆறவில்லை போலிருக்கிறது என்றேன். அவளிடமும் அதையேதான் சொன்னேன். சென்னைக்கு வேன் கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அக்கா, வண்டிய விழிதியூர் வழியா விடச் சொல்லுங்கக்கா. உள்ளகூட போவல. வாசல்ல நின்னு போயிட்டு வர்றேன்னு சொல்லிட்டு ஏறிக்கிறேன்.”

விமானத்துக்கு நேரமாகிவிடும் என்றேன். அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. மேல்மருவத்தூர் வரைக்கும் என் தோளில் சாய்ந்து அழுதாள். என் சேலையெல்லாம் நனைந்துவிட்டது.

இங்கே டவர் கிடையாது. தபாலுக்கு டவுனுக்கு இரண்டு மணி நேரம் சைக்கிள் மிதிக்க வேண்டும், அதை நான் பொறுப்பெடுத்துக்கொண்டேன். ஆக்சிலியா ஞாயிறு தவறாமல் அம்மாவுக்கு எழுதி என்னிடம் கொடுப்பாள், ஜொஹரா படித்துக் காட்டுவாள் என்று. இருபத்தெட்டுக் கடிதங்கள் என் பெட்டியில் இருக்கின்றன. எல்லாவற்றிலும் ஒன்றுதான். ஏன் பூசைக்கு வரவில்லை, இன்னும் கோபமா, ஒரு வரி எழுதச் சொல்லும்மா.

பதில் வராமல் போகப்போக அவள் சாப்பாடு குறைந்தது. அவள் பாடம் எடுக்கும் வகுப்பில் பிள்ளைகள் பேசினால் காதில் விழுவதில்லை. இவளை ஊருக்கு அனுப்பிவிடலாமா என்று இங்குள்ள தலைவி போன மாதம் கேட்டார். அவள் போனால் ஜோடி இல்லாமல் நானும் திரும்ப வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் நான் யோசித்தது அவளைப் பற்றித்தான். யாருமில்லாத வீட்டுக்குப் போய் அந்தப் பெண் என்ன செய்வாள்?

உங்கள் கடிதத்தை அவளுக்குப் பக்குவமாகப் படித்துக் காட்டச் சொல்லியிருந்தீர்கள். காட்டவில்லை. அந்த இருபத்தெட்டோடு அதையும் வைத்துவிட்டேன். அதற்குப் பதிலாகப் போன ஞாயிற்றுக்கிழமை அவளிடம் வேறொரு கடிதத்தைக் கொடுத்தேன். ‘பாப்பா, எனக்கு உன்மேல் கோபமே இல்லை. சொல்லிக்காமல் போனதாக நான் நினைக்கவே இல்லை. வேளாவேளைக்குச் சாப்பிடு. இசபெல்லா அக்கா சொல்கிறபடி கேள். இப்படிக்கு அம்மா.’ எழுத்து ஜொஹராவுடையது என்று நம்பிவிட்டாள். நான் இடது கையால் எழுதியது.

அன்றைக்கு இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டாள், மதர். பிள்ளைகளோடு பாடினாள். கடிதத்தை மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டுதான் வேலை செய்கிறாள். அடுத்த மாதத்துக்கும் ஒன்று எழுதி வைத்திருக்கிறேன். ஆகவே தயவுசெய்து நீங்கள் அவளுக்கு எதுவும் எழுத வேண்டாம். ஜொஹரா உங்களிடம் கொடுத்துவிட்டுப் போன அவள் அம்மாவின் ஜெபமாலையையும் அனுப்ப வேண்டாம். அவளைப் பற்றிக் கவலையே வேண்டாம், தாயில்லாத குறை தெரியாமல்தான் அவளை நான் பார்த்துக்கொள்கிறேன்.