தொட்டிக்குள் குளோரீன், தோணியிலே கயிறு

கையிலே மணியும் மனத்திலே இரக்கமும் வைத்திருக்கும் எங்கள் வாசிகசாலைத் தலைவர் வினாயகமூர்த்தி ஐயா அவர்களே, வெயிலுக்கு முன்னமே வந்து நிழல் பிடித்த பெரியோர்களே, நிழல் கிடைக்காமலும் நின்று கேட்கும் தாய்மார்களே, நான் மேடையேறியதும் நாற்காலிக்குக் கீழே பட்டாசு இருக்கிறதா என்று குனிந்து பார்க்கும் என் நண்பர்களே, எல்லோருக்கும் வணக்கம். பார்த்தது போதும், நிமிருங்கள். இன்று நாற்காலிகளுக்கு விடுமுறை.

இதோ, என் உள்ளங்கையில் ஒரு பிடி உப்பு. இதற்குள் ஒரு கொலைகாரன் குடியிருக்கிறான் என்றால் நம்புவீர்களா? அவன் பெயர் குளோரீன். உலோகம் அல்ல, அல்லுலோகம். அணுவின் வெளி ஓட்டிலே ஏழு இலத்திரன்கள், எட்டாவது இல்லை. அந்த ஒன்றுக்காக அவன் கண்ணைப் பிடுங்குவான், தொண்டையைப் பிடுங்குவான், மூச்சைப் பிடுங்குவான்! சோடியம் என்ற உலோகமோ, தன் வெளி ஓட்டில் இருக்கும் ஒரேயொரு இலத்திரனை யாருக்குக் கொடுக்கலாம் என்று துடிப்பவன். கொடுத்தான், கொலைகாரன் அடங்கினான், நம் சட்டியிலே உப்பானான்.

பாடம் எடுக்கிறான் என்று பின்வரிசையில் ரதீஸ் முனகுவது கேட்கிறது. பாடம் அல்ல தம்பி, போன மாரியில் இந்த மண்டபத்துக்குப் பின்னால் நடந்தது.

வெள்ளம் வடிந்த கையோடு, வாசிகசாலையின் நிலக்கீழ்த் தொட்டியைக் கழுவ நாங்கள் சிலர் வந்தோம். உள்ளே இறங்கியவன் என் வகுப்புத் தோழன் கோகுலராஜ். குளோரீன் தூளைக் கொட்டித் தேய்த்தான்; பாசி அசையவில்லை. மலசலகூடம் கழுவும் அசிட் போத்தலைக் கேட்டான், கொடுத்தார்கள். இதுவும் அழுக்கைப் போக்கும், அதுவும் அழுக்கைப் போக்கும், இரண்டும் சேர்ந்தால் இரட்டிப்பாய்ப் போக்கும் என்று நினைத்தான். தூளின் மேலேயே ஊற்றினான்.

அழுக்கா போனது? மஞ்சட்பச்சையாய் ஒரு புகை எழுந்தது, அதே கொலைகாரன் குளோரீன். ஒரு இருமல். இன்னொரு இருமல். பிறகு முழங்காலில் விழுந்த சத்தம்.

அவனுடைய அண்ணன் வினோஜன் சட்டையைக் கழற்றிவிட்டுக் குதிக்கப் போனார். உயர்தரத்தில் இரசாயனம் படிக்கும் கிருசிகா ஓடிவந்து அவர் இடுப்பைக் கட்டிப்பிடித்தாள்.

"இறங்காதீங்கண்ணே. அது காத்தை விடப் பாரம், அடியிலதான் கிடக்கும். நீங்களும் விழுந்தா ரெண்டு பேரை ஆர் தூக்குற?"

சொல்லுங்கள் தாய்மார்களே, தம்பி கண்ணெதிரே துடிக்கும்போது குதிக்காமல் நிற்பது லேசா? வினோஜன் அண்ணன் நின்றார். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்!

கயிறு வேண்டும். எங்கே கயிறு? கிணற்றுக் கயிற்றை வெள்ளம் கொண்டுபோயிருந்தது. அப்போது வாவிக்கரையில் தோணியோடு நின்ற குஞ்சித்தம்பி மாமா எங்கள் கூச்சலைக் கேட்டார். தோணியைக் கட்டியிருந்த கயிற்றை ஒரே வெட்டில் வெட்டினார், ஓடிவந்தார்.

"புடி மனே. தோணி போனாப் போகட்டும்."

தோணி போனது. யாரிடமும் சொல்லாமல் கல்லடிப் பக்கமாய்த் தன்பாட்டில் போனது.

கயிற்றில் சுருக்கிட்டு இறக்கினோம். கோகுலராஜுக்குக் கண் திறக்க முடியவில்லை. கயிறு முகத்துக்கு முன்னே ஆடுகிறது; கை வேறு பக்கம் துழாவுகிறது. அண்ணன் கெஞ்சினார். கிருசிகா அழுதாள். நான் என்ன செய்தேன்? எனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தேன்.

"டேய் கோகுல், கயிறு உன்ட மூக்குக்கு முன்னாலடா. இதப் புடிக்கேலாட்டி, கயிறு புடிக்கத் தெரியாதவன் எண்டு நாளைக்குப் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லுவன்."

கோபத்தில் ஒரு கை எழுந்தது. என்னை அடிக்க எழுந்த கைதான், கயிற்றைப் பிடித்தது! சுருக்கைத் தோளுக்குக் கீழே இழுத்துக்கொண்டான். மேலே அண்ணன் விட்டாலும் எல்லாம் முடிந்தது. கீழே தம்பி விட்டாலும் எல்லாம் முடிந்தது. ஒரே கயிறு, இரண்டு பேர் கையிலும். அல்லுலோகமும் அல்லுலோகமும் சந்தித்தால் இப்படித்தான்: இரண்டுக்குமே குறை, கொடுக்க இரண்டுக்கும் மனமில்லை, ஆளுக்கொரு இலத்திரன் போட்டு, அந்தச் சோடியை இரண்டும் பிடித்துக்கொள்ளும். பங்கீட்டுப் பிணைப்பு என்று புத்தகம் சொல்கிறது. நான் அதை அந்தத் தொட்டி விளிம்பில் கண்டேன்.

கோகுல் மேலே வந்தான். உதடு நீலம். ஆட்டோ மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்குப் பறந்தது. இப்போதைக்கு எதுவும் சொல்ல முடியாது என்றார் வைத்தியர். வாசலில் குஞ்சித்தம்பி மாமா ஈரச் சாரத்தோடு உட்கார்ந்திருந்தார். தோணியைப் பற்றி யார் கேட்டாலும், பொடியன் எப்படி என்று திருப்பிக் கேட்டார்.

அவையோரே, ஒன்று கேட்கிறேன். இலத்திரனை இழந்த சோடியத்துக்கு இரசாயனம் என்ன குறி போடுகிறது? கழித்தலா? இல்லை! கூட்டல்! வாங்கிய குளோரீனுக்குத்தான் கழித்தல். கொடுத்தவன் தலையிலே கூட்டல் குறி! கயிற்றைக் கொடுத்துத் தோணியை இழந்த மாமா எங்கே இருக்கிறார்? அதோ, வாவிக்கரைக் கண்ணாமரத்தில் சிக்கிப் பிறகு கிடைத்த அதே தோணியில் வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு ஓரமாய் நிற்கிறார். எழுந்து நின்று கை தட்டுங்கள்!

தலைவர் மணியைத் தொட்டுவிட்டார். வீட்டிலே தூளையும் அசிட்டையும் ஒரே இடத்தில் வைக்காதீர்கள், சேர்க்கவே சேர்க்காதீர்கள். கேட்ட காதுகளுக்கும் தட்டிய கைகளுக்கும் என் வணக்கம். நன்றியுரை எனதல்ல, முன்வரிசையில் இருக்கும் கோகுலராஜுடையது. கரகரவென்று கேட்டால் மைக் பழுதென்று எழும்பிவிடாதீர்கள். மைக் நல்லது. குரல்தான் இப்போது அப்படி. கரகரத்தாலும், அது இருக்கிறது.

வா மச்சான், பேசு.